மறக்கக் கூடாத முகங்கள்: காய்ச்சலோடு கோல் காத்த ராணுவக்காரர்!

காலை ஐந்தரை மணிக்கு சென்னீர்குப்பம் தெருவில் இறங்கி நடந்தால் இரண்டு வகைப் பையன்களைப் பார்க்கலாம். ஒரு கூட்டம் ஆவடி சாலை ஓரமாக மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்கும். ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகிறவர்கள். 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் எத்தனை விநாடி குறைந்தது என்பதுதான் அவர்களுக்கு அன்றைய தலைப்புச் செய்தி. இன்னொரு கூட்டம் காலி மனையில் இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, அதையே கோல் போஸ்ட்டாக நினைத்துப் பந்து உதைத்துக்கொண்டிருக்கும். வெயில் ஏறுவதற்குள், பள்ளிக்கூட வேன் வருவதற்குள் ஒரு மேட்ச் முடிந்தாக வேண்டும்.

அந்த இரண்டாவது கூட்டத்தில் ஒரு பையன், பிளஸ் ஒன் படிக்கிறான். வயசுக்கு மீறிய உயரம். அதனாலேயே அவனைப் பிடித்துக் கோலில் நிறுத்திவிட்டார்கள். "எல்லாரும் ஓடி ஓடி கோல் போடுறாங்கக்கா. நான் மட்டும் கம்பம் மாதிரி நிக்கிறேன்" என்று ஒருநாள் என்னிடம் அலுத்துக்கொண்டான். அவன் அம்மாவின் கவலை வேறு. "நீயே சொல்லும்மா, பந்து விளையாடினா சோறு போடுமா?"

அவன் அலுப்புக்கும் அவன் அம்மாவின் கேள்விக்கும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது. அவர் பெயர் பீட்டர் தங்கராஜ்.

2024-ல் வந்த 'மைதான்' இந்திப் படம் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் லேசாக ஞாபகம் வரலாம். அஜய் தேவ்கன் பயிற்சியாளர் ரஹீமாக நடித்த அந்தப் படத்தில், கோல் கீப்பராக வரும் உயரமான கதாபாத்திரம் இவர்தான். படம் ரஹீமின் கதை என்பதால் தங்கராஜுக்கு அதில் கொஞ்ச இடம்தான். இந்த வாரம் அவரை மட்டும் பார்ப்போம்.

ராணுவத்தோடு வந்த பந்து

அவர் கதைக்குள் போகும் முன் ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். கால்பந்தும் ரக்பியும் நம் நாட்டுக்கு வந்ததில் பிரிட்டிஷ் பட்டாளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் ஊரிலேயே அந்த விளையாட்டுகளின் ஆரம்ப காலத்தில் நிறைய ராணுவக்காரர்கள் இருந்தார்கள். 1871-ல் எடின்பரோவில் உலகின் முதல் சர்வதேச ரக்பி போட்டி நடந்தது. இப்போது போல் 15 பேர் இல்லை, ஒரு பக்கத்துக்கு 20 பேர். இங்கிலாந்துக்காக ஆடிய அந்த 20 பேரில் சார்லஸ் ஷெரார்ட், ராயல் இன்ஜினியர்ஸ் என்ற ராணுவப் பிரிவைச் சேர்ந்தவர். அதே பிரிவில் இருந்த ஹென்றி ரென்னி டெய்லியர் பிறந்தது நம் நாட்டில், முசோரியில். ஸ்காட்லாந்துக்காக ரக்பி, கால்பந்து இரண்டிலும் ஆடியவர் அவர். 1875-ல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்றதும் இந்த ராயல் இன்ஜினியர்ஸ் அணிதான்.

கொல்கத்தாவில் 1873-ல் வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி கிளப் ஆரம்பித்தார்கள். ஊரில் இருந்த படைப்பிரிவு மாறிப் போனதும் ஆட ஆள் இல்லை. மிச்சம் இருந்தவர்கள் டென்னிஸ், போலோ பக்கம் போய்விட்டார்கள். கிளப்பை மூடும்போது வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மூன்று நாகப்பாம்புகள் கைப்பிடி, மூடியில் ஒரு யானை. 'கல்கத்தா கோப்பை' என்று அதற்குப் பெயர். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றைக்கும் அந்தப் பெயரில்தான் வருஷா வருஷம் மோதுகின்றன. கோப்பை உலகப் புகழ் பெற்றது. ஆனால், அதைத் தந்த ஊரில் அந்த ஆட்டம் அன்றைக்கு நின்றுபோனது. காரணம், பட்டாளம் கிளம்பிவிட்டது.

பட்டாளம் என்றால் நம் பகுதிக்குப் புதுசு இல்லை. பக்கத்தில் இருக்கும் பூந்தமல்லி வெள்ளைக்காரர் காலத்தில் ராணுவ முகாம். உடம்பு முடியாத சிப்பாய்கள் தேறி வருவதற்காக அனுப்பப்பட்ட இடம். இந்தப் பக்கம் ஆவடியில் டாங்க் தயாரிக்கும் தொழிற்சாலை இருக்கிறது. காக்கியும் பச்சையும் இங்கே தினமும் கண்ணில் படும் நிறங்கள்.

வெலிங்டனுக்குப் போன செகந்திராபாத் பையன்

பீட்டர் தங்கராஜ் 1935 டிசம்பர் 24 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். பெயரைப் பார்த்தாலே தெரியும், நம்ம வீட்டுப் பெயர். பக்கத்து செகந்திராபாத் ஒரு கன்டோன்மென்ட் நகரம். பட்டாளத்தோடும், பட்டாளத்தைச் சுற்றி இருந்த வேலைகளுக்காகவும் மெட்ராஸ் மாகாணத்திலிருந்து போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏராளம். தங்கராஜோடு பிற்காலத்தில் இந்திய அணியில் ஆடிய துளசிதாஸ் பலராமும் செகந்திராபாத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைதான்.

அங்கே மார்னிங் ஸ்டார், ஃப்ரெண்ட்ஸ் யூனியன் என்ற உள்ளூர் கிளப்புகளில் ஆட ஆரம்பித்தார் தங்கராஜ். 1953-ல் ராணுவத்தில் சேர்ந்தார். போன இடம் நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் வெலிங்டன், மெட்ராஸ் ரெஜிமென்டின் தலைமைப் பயிற்சி மையம். 1758-ல் தொடங்கிய வரலாறு உள்ள, நாட்டின் மிகப் பழைய காலாட்படைகளில் ஒன்று மெட்ராஸ் ரெஜிமென்ட்.

இங்கேதான் நம் பிளஸ் ஒன் பையன் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. அங்கே சேர்ந்த புதிதில் தங்கராஜ் கோல் கீப்பர் இல்லை. சென்டர் ஃபார்வர்டு. அதாவது, கோல் போட்டுக் கைதட்டல் வாங்குகிற இடம். பிறகுதான் கோல் போஸ்ட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

கோல் போஸ்ட்டின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. அந்த இடம் முழுக்க ஒரே ஒரு மனிதன் பொறுப்பு. மேல் மூலைக்கு வரும் பந்தை எட்ட வேண்டும், கூட்டத்துக்கு நடுவே எகிறிப் பிடிக்க வேண்டும். ஆறடியைத் தாண்டிய உயரமும் நீண்ட கைகளும் இருந்த தங்கராஜுக்கு அந்த இடம் அளந்து தைத்த சட்டை மாதிரி பொருந்திப்போனது. இன்றைக்கு கீப்பர்கள் போடும் ஒட்டும் தன்மையுள்ள கையுறைகள் அன்று கிடையாது. மழையில் நனைந்தால் கனத்துப்போகும் தோல் பந்து வேறு. சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர் என்பதால் எதிரணி ஃபார்வர்டு எங்கே அடிக்க நினைப்பான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். கம்பம் மாதிரி நிற்கிற வேலை இல்லை இது. எதிராளியின் மனசைப் படிக்கிற வேலை.

பலன் சீக்கிரமே தெரிந்தது. டூரண்ட் கோப்பை, ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி. 1888-ல் சிம்லாவில், பிரிட்டிஷ் ராணுவ அணிகளுக்காகத் தொடங்கப்பட்டது. பல பத்தாண்டுகளுக்கு வெள்ளைக்காரப் படைப்பிரிவுகள்தான் அதைத் தூக்கிக்கொண்டு போயின. 1940-ல் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அதை வென்ற முதல் இந்திய அணி ஆனது. ஆனால், இந்திய ராணுவ அணி ஒன்று அந்தக் கோப்பையைத் தொட 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வென்றது எது தெரியுமா? வெலிங்டனிலிருந்து போன மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர். 1958-ல் மறுபடியும் அதே அணி. இரண்டு வெற்றியிலும் தங்கராஜின் பெயர் இருக்கிறது.

மெல்போர்னும் ரோமும்

1955-லேயே இந்திய அணிக்குள் வந்துவிட்டார். அடுத்த ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் அணியிலும் இருந்தார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்று வந்த நாடு நாம். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் போட்டு ஆடுவது கட்டாயமானது. நாலே வருஷத்தில் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று ஜெயித்து அரையிறுதிக்குப் போனோம். முடிவில் நான்காவது இடம். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா தொட்ட உச்சம் அதுதான்.

1958-ல் ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்று பெயர் வாங்கினார் தங்கராஜ். 1960-ல் சர்வீசஸ் அணி சந்தோஷ் டிராபியை வென்றபோது கேப்டன் அவர்தான். அதே ஆண்டு ரோம் ஒலிம்பிக். ஹங்கேரியிடம் 2-1 என்று மட்டுமே தோற்றோம். பிரான்ஸோடு 1-1 டிரா. இன்றைக்கு உலகக் கோப்பை ஃபைனலில் பார்க்கிற அதே பிரான்ஸ்தான்!

ஜகார்த்தாவில் ஒரு சாயங்காலம்

1962 ஆசிய விளையாட்டு, இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி தரவில்லை. ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பில் மூத்தவரான இந்தியர் ஜி.டி. சோந்தி, 'அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்றே சொல்லக் கூடாது' என்ற நிலைப்பாடு எடுத்தார். அவ்வளவுதான், அங்கே இந்தியா மேல் கோபம் பற்றிக்கொண்டது. இந்தியத் தூதரகத்தின் மீது தாக்குதல் நடந்தது. அரசியல் எங்கேயோ நடக்க, அதன் சூடு மைதானத்தில் நின்ற பையன்கள் மேல் இறங்கியது.

நம் அணி முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோற்றது. பிறகு தாய்லாந்து, ஜப்பான் அணிகளை ஜெயித்து, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று தாண்டி ஃபைனலுக்கு வந்தது. செப்டம்பர் 4. எதிரில் அதே தென் கொரியா.

அணியில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவர்கள். டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். திரிலோக் சிங்குக்குக் கால் விரலில் அடி. தங்கராஜுக்கு ஃப்ளூ காய்ச்சல். முந்தைய ஆட்டங்களில் கோல் காத்தது இன்னொரு கீப்பரான பிரத்யோத் பர்மன். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் ஃபைனலில் இரண்டு துணிச்சலான முடிவுகள் எடுத்தார். டிஃபெண்டரான ஜர்னைல் சிங்கை முன்னால் அனுப்பி கோல் போடச் சொன்னார். காய்ச்சலில் இருந்து தேறிக்கொண்டிருந்த தங்கராஜைக் கோலில் நிறுத்தினார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாதாரண காய்ச்சலுக்கே நாம் மாத்திரை போட்டுக்கொண்டு போர்வைக்குள் சுருண்டு விடுகிறோம். இங்கே ஸ்டேடியம் நிறைய எதிர்ப்புக் கூட்டம். இந்திய தேசிய கீதத்துக்கே கூச்சல். அவ்வளவு கூட்டத்தில் நமக்காகக் குரல் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி அணியினர்!

17-வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி முதல் கோல். 20-வது நிமிடத்தில் ஜர்னைல் சிங் இரண்டாவது கோல். அதன் பிறகு கோலைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால், அந்த 'அவ்வளவுதான்' ஒரு மணி நேரத்துக்கு மேல். 85-வது நிமிடத்தில் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. மிச்சம் இருந்த நிமிடங்கள் எப்படிப் போயிருக்கும்? ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 2-1. இந்தியாவுக்குத் தங்கம்.

ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் 1951-ல் ஒரு தங்கம், 1962-ல் ஒரு தங்கம். அதன் பிறகு இன்று வரை ஆண்கள் அணிக்கு மூன்றாவது தங்கம் வரவே இல்லை.

சோறு போட்டது எது?

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

ஜகார்த்தாவில் தங்கம் வாங்கிய அணியில் பந்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் என்று யாரும் இல்லை. அப்போது நம் நாட்டில் கால்பந்து அமெச்சூர் விளையாட்டு. பி.கே. பானர்ஜிக்கு ரயில்வே வேலை. யூசுஃப் கான் ஹைதராபாத் போலீஸ். கேப்டன் சுனி கோஸ்வாமி பாரத ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்தவர். தங்கராஜை வளர்த்தது ராணுவம். சாப்பாடு, தங்க இடம், மைதானம், பயிற்சி, மாசச் சம்பளம். 17, 18 வயதுப் பையனுக்கு இவை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. இது இல்லாமல் அந்த உயரமும் நீண்ட கைகளும் ஏதோ ஒரு தெருவோடு முடிந்து போயிருக்கலாம்.

பிறகு கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். ஒன்றை ஒன்று ஜென்ம எதிரியாக நினைக்கும் அந்த கிளப்புகளின் ரசிகர்களுக்கு நடுவே மூன்று ஜெர்சியும் போட்டு மரியாதையோடு நின்றதே ஒரு சாதனை. 1964-ல் ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1967-ல் அர்ஜுனா விருது வாங்கினார். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பயிற்சியாளர் ஆனார். உருக்காலை நகரமான பொகாரோவில் குடியேறினார். 2008 நவம்பர் 24 அன்று அங்கேயே காலமானார்.

அதனால், 'பந்து சோறு போடுமா' என்றால் என்னுடைய நேர்மையான பதில் இதுதான். அன்றைக்கும் பந்து மட்டும் சோறு போடவில்லை. பந்து தெரிந்தவனுக்குச் சோறு போடும் ஓர் இடம் இருந்தது. அந்த இடம் அவனை ஆட விட்டது.

அந்த இடம் இன்றைக்கும் அடைபட்டுவிடவில்லை. ஈட்டி எறிதலில் ஒலிம்பிக் தங்கம் வென்ற நீரஜ் சோப்ரா 2016-ல் ராணுவத்தில் நாயப் சுபேதாராகச் சேர்ந்தவர்தான். தேசிய, சர்வதேசப் போட்டிகளில் சாதித்தவர்களை ஹவில்தார், நாயப் சுபேதார் பதவிகளில் நேரடியாகச் சேர்க்கும் வழி ராணுவத்தில் இருக்கிறது. சிறு வயதிலேயே பையன்களைச் சேர்த்துப் படிப்பும் பயிற்சியும் தரும் 'பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனி'களும் இருக்கின்றன. ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு.

ஆனால், இதில் ஒரு முக்கியமான வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த வழிகள் எல்லாம் ஏற்கெனவே ஜெயித்துச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் திறக்கும். காலி மனையில் செங்கல் வைத்து ஆடுகிற ஆட்டத்துக்குச் சான்றிதழ் கிடையாது. பள்ளி அணி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று முறையான படிகளில் ஏறியிருக்க வேண்டும். சாதாரண வழியில் ராணுவத்தில் சேர்கிறவர்களுக்கும் கணக்கு மாறிவிட்டது. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு சேவை; அதன் பிறகு 25 சதவீதம் பேர் வரைதான் தொடர முடியும். தங்கராஜ் 1953-ல் சேர்ந்து, 1955-ல் டூரண்ட், 1958-ல் மறுபடியும் டூரண்ட், 1960-ல் சந்தோஷ் டிராபி கேப்டன் என்று வளர்ந்தார். அவர் கேப்டனாக நிற்க ஏழு வருஷம் ஆனது. ஒரு கோல் கீப்பர் பழுக்க அவ்வளவு காலம் வேண்டும். நான்கு வருஷத்தில் அந்தக் கதை பாதியில்தான் நிற்கும்.

இன்னொன்று, மைதானம். செகந்திராபாத்தில் அவருக்கு ஓர் உள்ளூர் கிளப் இருந்தது. வெலிங்டனில் ஒரு மைதானம் இருந்தது. சென்னையின் மேற்கு ஓரத்தில் வருஷத்துக்கு வருஷம் காலி மனைகள் அடுக்குமாடியாக மாறுகின்றன. பையன்கள் இந்த வருஷம் ஆடுகிற இடம் அடுத்த வருஷம் இருக்குமா என்பது அவர்களுக்கே தெரியாது. கல்கத்தா கோப்பைக் கதையில் பட்டாளம் போனதும் ஆட்டம் போனது. நம் பக்கத்தில் பட்டாளம் அப்படியேதான் இருக்கிறது; போய்க்கொண்டிருப்பது தரைதான்.

இதை எல்லாம் அந்த அம்மாவிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "பள்ளிக்கூட டீம்ல சேர்த்து விடுங்க, சர்டிஃபிகேட்டை எல்லாம் பத்திரமா எடுத்து வைங்க, படிப்பையும் விட வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். "அதெல்லாம் சரி, முட்டி தேயாம இருந்தா போதும்" என்றார்.

பையனிடம் மட்டும் தங்கராஜின் கறுப்பு வெள்ளை போட்டோ ஒன்றை மொபைலில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "இவரும் முதல்ல ஃபார்வர்டாக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வேறு எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலை பார்த்தேன். இரண்டு செங்கலுக்கு நடுவே நின்றுகொண்டு, டிஃபெண்டர் பையன்களை "ரைட்ல ஆள் வரான் பாருடா" என்று கத்திக்கொண்டிருந்தான்.

உங்கள் ஊரிலும் ராணுவத்திலோ, ரயில்வேயிலோ, போலீஸிலோ வேலை பார்த்துக்கொண்டே நாட்டுக்காக ஆடிய ஒரு தாத்தா இருக்கலாம். வீட்டுப் பரணில் ஒரு பழைய மெடல் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை எங்களுக்கும் எழுதுங்கள். அடுத்த முகத்தோடு அடுத்த வாரம் சந்திப்போம்!